கடைசி வண்டியைக் கண்டு வந்தோம்

இங்கிலாந்துக்குப் போய் வந்தவர்கள் அரண்மனைகளைப் பற்றியும், தேம்ஸ் நதியைப் பற்றியும், பொருட்காட்சி சாலைகளைப் பற்றியும் எழுதுவது வழக்கம். நம் சங்கத்து அன்பர்கள் அவற்றைப் பலமுறை படித்திருப்பார்கள். நேரில் கண்டவர்களும் பலர் இருப்பார்கள். ஆகையால் அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, சென்ற கோடையில் எங்கள் மனத்தில் ஆழப் பதிந்த ஒரு பொருளைப் பற்றி மாத்திரம் இங்கே எழுதுகிறோம். அது ஒரு மரப்பெட்டி. அதற்கு நான்கு சக்கரங்கள், ஒரு புகைப்போக்கி, ஒரு சிறு திண்ணை. முற்காலத்தில் அந்நாட்டுச் சரக்கு வண்டிகளின் வாலில் ஓடிய பிரேக் வேன். நம்மவர் வழக்கில் கார்டு வண்டி.

நாங்கள் சகோதரர் இருவர். எங்கள் தந்தையார் தென்னாட்டிலிருந்து வெகு தொலைவிலுள்ள ஓர் இரயில்வே நகரில் கூட்ஸ் கார்டாக வேலை பார்த்தவர். அந்நகரின் இரயில்வே குடியிருப்பில்தான் நாங்கள் பிறந்தோம், வளர்ந்தோம். ஆயினும் அப்பாவின் கார்டு வண்டிக்குள் ஒருநாளும் ஏறியதில்லை. குழந்தைகளை அதில் ஏற்றுவது விதிக்கு மாறு. விதிக்கு மாறாக எதையும் செய்யும் சுபாவம் அப்பாவுக்கு இல்லை. எழுபதை நெருங்கும் வயதில், கடல் கடந்து போய், முதன்முதலாக ஒரு கார்டு வண்டிக்குள் ஏறினோம் என்றால் சிலர் சிரிக்கக்கூடும். அதற்குக் காரணமானவன் ஒன்பது வயதுப் பையன் ஒருவன்.

எங்களுள் மூத்தவரின் மகள் ரெடிங் என்னும் ஊரில் குடும்பத்தோடு வசிக்கிறாள். அவளுடைய மகன் மாதிரி இரயில் வைத்து விளையாடுகிறவன். விளையாடுகிறவன் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும்; "நடத்துகிறேன்" என்பான். மாடி அறையில் ஒரு நீண்ட பலகை; அதன்மேல் தண்டவாளம், நிலையம், சிக்னல்; புத்தகங்களை அடுக்கி அதன்மேல் அமைத்த ஒரு மலைப்பாதை. நாங்கள் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, பன்னிரண்டு வேகன்கள் பூட்டிய சரக்கு வண்டியொன்றை எங்களுக்காக ஓட்டிக் காட்டினான். வண்டி மலையேறும்போது நடுவில் ஒரு கொக்கி கழன்றது. பின்னாலிருந்த ஐந்து வேகன்களும் சரிவில் உருண்டு, வளைவில் தடம்புரண்டு, கம்பளத்தின்மேல் விழுந்தன.

"வாலில் கார்டு வண்டி இல்லையே அப்பா, அதுதான்" என்றார் மூத்தவர் விளையாட்டாக.

"அது ஒண்ணும் செய்யாது தாத்தா. சும்மா கடைசியிலே வரும். அதனாலே நான் வாங்கலை" என்றான் பையன்.

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஏறக்குறைய அதே சொற்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிலும் சொல்லப்பட்டன. சொன்னவர் எங்களுள் இளையவர். அதைப் பின்னால் கூறுகிறோம்.

அன்று மாலையே தீர்மானம் ஆயிற்று. ரெடிங்கிலிருந்து மேற்கே 17 மைல் தூரத்தில் டிட்காட் என்ற ஊர் இருக்கிறது. பழைய கிரேட் வெஸ்டர்ன் இரயில்வேயின் வண்டிகளை அங்கே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அதற்குச் சில மைல் அப்பால் லாங் விட்டன்ஹாம் என்னும் கிராமத்தில், மாதிரி இரயில்களுக்குப் பேர் போன பெண்டன் காட்சிசாலை இருக்கிறது. அசலை முதலில் காண்பது, பின்னர் மாதிரியைக் காண்பது என்று திட்டமிட்டோம். இவ்விரு இடங்களும் எல்லா நாட்களிலும் திறந்திருப்பதில்லை. போக விரும்பும் அன்பர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு போவது நலம்.

சனிக்கிழமை காலை, மகள் கட்டிக்கொடுத்த புளியோதரைப் பொட்டலத்தோடு புறப்பட்டோம். ரெடிங்கை விட்டு வண்டி நகர்ந்ததும் புல்வெளிகளும் பசுமையான குன்றுகளும் தொடங்கிவிடுகின்றன. வழியில் தேம்ஸ் நதியை இரண்டு முறை கடக்கிறோம். புரூனல் என்னும் பெரும் பொறியாளர் கட்டிய செங்கற் பாலங்கள் அவை. இந்தப் பாதையை அவர் 7 அடிக்குக் கால் அங்குலம் கூடுதலான அகலத்தில் அமைத்தார். நம் நாட்டு அகலப் பாதை 5 அடி 6 அங்குலந்தான். 1892-இல் அந்தப் பேரகலத்தைக் கைவிட்டு, பிற இரயில்வேக்களைப் போல 4 அடி 8½ அங்குலத்துக்கு மாற்றிவிட்டார்கள். டிட்காட்டில் பழைய அகலத்தில் ஒரு துண்டுப் பாதையை மீண்டும் இட்டு வைத்திருக்கிறார்கள். பையன் அதன் குறுக்கே காலை அகல வைத்து நின்று பார்த்துத் தோற்றுப்போனான்.

டிட்காட் சாலை, நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. இதன் கதையும் சுவையானது. 1961-இல் பள்ளிப் பிள்ளைகள் சிலர் ஒரு சிறிய நீராவி இஞ்சினை உடைபடாமல் காப்பாற்ற வேண்டுமென்று முயற்சி தொடங்கினார்கள். அதிலிருந்து பிறந்ததே கிரேட் வெஸ்டர்ன் சங்கம். 1964-இல் அந்த இஞ்சினை வாங்கிவிட்டார்கள். 1967 முதல் டிட்காட்டிலுள்ள பழைய இஞ்சின் கொட்டகை அவர்களுடைய இருப்பிடமாயிற்று. நிலக்கரிப் புகையும் எண்ணெய் வாசனையும் கலந்த அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் எங்கள் குழந்தைப் பருவம் மூக்கின் வழியாகத் திரும்பி வந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பளபளக்கும் இஞ்சின்களைச் சூழ்ந்து நின்றார்கள். கார்டு வண்டி எங்கே என்று நாங்கள் கேட்டபோது, அங்கே தொண்டு புரியும் பெரியவர் ஒருவர் எங்களைச் சற்று வியப்போடு பார்த்து, பின் மகிழ்ச்சியோடு அழைத்துப் போனார்.

அந்த வண்டிக்குத் தேரை என்று பெயர். கேலிப் பெயர் அன்று. அதிகாரபூர்வமான பெயரே அது. தந்தியில் சொற்களைச் சுருக்குவதற்காக அந்த இரயில்வேயார் ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஒரு குறிச்சொல் வைத்திருந்தார்கள். பெரும் பாரங்களை ஏற்றும், நடுவில் தாழ்ந்த வண்டி முதலை. சாரட்டு முதலிய வண்டிகளை ஏற்றிச் செல்வது மலைப்பாம்பு. கார்டு வண்டி தேரை. இதைக் கேட்டதும் எங்களுக்கு நம் ஊர்ப் பேச்சில் வரும் கல்லுக்குள் தேரை நினைவுக்கு வந்தது. வெளியுலகம் அறியாமல், ஒரு கூட்டுக்குள் தனியாக இருந்து, தனக்குரியது தன்னைத் தேடி வரும் என்று வாழும் உயிர். சரக்கு வண்டிக் கார்டுக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை எந்தத் தமிழ்ப் புலவரும் வைத்திருக்க முடியாது என்று தோன்றிற்று.

தேரையின் அமைப்பைச் சொல்லுகிறோம். ஒரு பகுதி மூடிய அறை. மறு பகுதி கூரையுள்ள திறந்த திண்ணை. அறையில் ஓர் இரும்புக் கணப்பு, உட்கார மரப்பலகை, சாமான்கள் வைக்கும் பெட்டி, விளக்கு மாட்டும் கொக்கிகள். திண்ணையில் இடுப்பளவு உயரத்தில் ஓர் இரும்புத் தூண். அதன் தலையில் ஒரு கைச்சக்கரம். இதுதான் பிரேக். சக்கரத்தைத் திருகத் திருக, கீழே கட்டைகள் நான்கு சக்கரங்களையும் இறுகப் பற்றும். பற்றியும் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் தூவுவதற்குத் தனிப் பெட்டி உண்டு. பிடிப்பு வேண்டுமென்பதற்காகவே இவற்றை அளவுக்கு மீறிய எடையோடு கட்டினார்கள். பிற்காலத்துத் தேரைகள் 20 டன் எடையுள்ளவை. வண்டியின் பக்கத்தில் அதன் சொந்த நிலையத்தின் பெயர் எழுதியிருக்கும். எங்கே சுற்றினாலும் அது அந்த ஊருக்குத் திரும்பி வரவேண்டும் என்பது கருத்து.

பெரியவர் எங்களை ஏறச் சொன்னார். கைச்சக்கரத்தை முதலில் பையன் திருகினான். பிறகு நாங்கள் திருகினோம். மூன்று சுற்று எளிதாக வந்தது. பிறகு இரும்பு எதிர்த்தது. இளையவர் இரண்டு கைகளாலும் பற்றி, உடல் முழுவதையும் சாய்த்துத் திருகவேண்டியிருந்தது. நின்றுகொண்டிருந்த வண்டியிலேயே இப்படி. ஓடும் வண்டியில், இருட்டில், மழையில், இப்படித் திருகியவர்கள் இருந்தார்கள்.

ஏன் திருகினார்கள் என்பதைச் சொல்லவேண்டும். அக்காலத்துச் சரக்கு வேகன்களில் பெரும்பாலானவற்றுக்கு இஞ்சினிலிருந்து இயக்கும் பிரேக் கிடையாது. ஒன்றோடொன்று மூன்று வளையச் சங்கிலியால் தளர்வாகப் பிணைத்திருப்பார்கள். ஐம்பது வேகன்கள் என்றால் ஐம்பது தளர்ச்சிகள். இஞ்சின் புறப்படும்போது ஒவ்வொரு சங்கிலியாக இறுகி, கடைசி வண்டிக்கு வரும்போது அது ஒரு குதியாகக் குதிக்கும். கவனியாத கார்டு பலகையிலிருந்து கீழே விழுவார். மேட்டின் உச்சியைக் கடந்து சரிவில் இறங்கும்போது வேகன்கள் ஒன்றையொன்று முட்டி முன்னே தள்ளும். அடுத்த ஏற்றத்தில் திடீரென்று இழுபட்டுச் சங்கிலி அறும். அது நேராதபடி, பாதையின் ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் மனப்பாடம் செய்து, முன்கூட்டியே பிரேக்கைத் திருகி, சங்கிலிகளை இறுக்கமாக வைத்திருப்பதே கார்டின் கலை. டிரைவர் வண்டியை இழுத்தார்; கார்டு அதைப் பிடித்து வைத்திருந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், கால் மைலுக்கு அப்பால் இருந்துகொண்டு, இருவர் சேர்ந்து செய்த வேலை அது.

பிடி தவறினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு துயரமான சான்று உண்டு. 1889-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், அயர்லாந்தில் ஆர்மா என்னும் ஊரிலிருந்து ஞாயிறு பள்ளிக் குழந்தைகளையும் பெரியோர்களையும் ஏற்றிக்கொண்டு ஓர் உல்லாச வண்டி கடற்கரைக்குப் புறப்பட்டது. 75 அடிக்கு 1 அடி உயரும் ஏற்றத்தில் இஞ்சின் திணறி நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகப் பிரித்து, முன்பாதியை முதலில் கொண்டுபோவதென்று தீர்மானித்தார்கள். அந்த வண்டியிலிருந்த வாக்குவம் பிரேக், இஞ்சினோடு இணைந்திருக்கும்வரைதான் வேலை செய்யும். பிரித்தவுடன் பின்னாலிருந்த பத்துப் பெட்டிகளுக்கும் கடைசிப் பெட்டியின் கைப்பிரேக் ஒன்றே காவல். சக்கரங்களுக்கு அடியில் கற்களை வைத்தார்கள். முன்பாதி புறப்படும்போது சற்றே பின்னுக்கு உருண்டு இடித்தது. கற்கள் நொறுங்கின. பத்துப் பெட்டிகளும் சரிவில் ஓடி, பின்னால் வந்துகொண்டிருந்த வண்டியின்மேல் மோதின. 80 உயிர்கள் மாண்டன. அவர்களில் பலர் குழந்தைகள். அதே ஆண்டில் பார்லிமெண்டு சட்டம் செய்தது. பயணி வண்டிகளில், வண்டி அறுந்தால் தானாகவே எல்லாப் பெட்டிகளிலும் பிடிக்கும் பிரேக் கட்டாயமாயிற்று. சரக்கு வண்டிகளுக்கு அந்த நன்மை வர வெகுகாலம் ஆயிற்று. அதுவரையில் அவற்றைத் தேரைகளும் அவற்றின் உறவினங்களுமே காத்துவந்தன.

பெரியவருக்கு நன்றி கூறி, புளியோதரையை முடித்துக்கொண்டு பெண்டனுக்குப் போனோம்.

பெண்டன் காட்சிசாலையை நிறுவியவர் ராய் இங்கிலாந்து என்பவர். பெயரில் இங்கிலாந்து இருந்தாலும் அவர் ஆஸ்திரேலியர். 1925-இல் இங்கே வந்தார். இந்த வட்டாரத்துக் கிராமங்களின் அழகில் மனத்தைப் பறிகொடுத்தார். பழைய கூரை வீடுகள் ஒவ்வொன்றாக மாறி மறைவதைக் கண்டு, மறைவதற்குள் இவற்றை அளந்து, அச்சாகச் சிறிய உருவில் செய்து வைத்துவிட வேண்டுமென்று உறுதி பூண்டார். 1954-இல் லாங் விட்டன்ஹாமில் இந்த இடத்தைத் தொடங்கினார். 1995-இல் அவர் காலமான பிறகும் அன்பர்கள் பணியைத் தொடர்கிறார்கள். ஓர் ஊரில் பிறந்தவர்கள் அதன் அருமையை அறியாதிருக்க, வெளியூரிலிருந்து வந்தவர் அதைப் போற்றிக் காத்தார். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் வாழும் நமக்கு இச்செய்தி ஒரு தனி மகிழ்ச்சியைத் தருகிறது.

அங்கே எல்லாம் 76-இல் ஒரு பங்கு. ஓர் அடிக்கு 4 மில்லிமீட்டர் என்பது கணக்கு. 1920-களிலும் 1930-களிலும் இருந்த கிராமப்புறம் அப்படியே படுத்திருக்கிறது. வீடுகளின் ஒவ்வொரு செங்கல்லும் தெரிகிறது. தோட்டங்களில் செடிகள் நிற்கின்றன. மாதிரி இரயில்காரர்களின் கண்டிப்பு எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று: கடைகளில் விற்கும் சாதாரண மாதிரித் தண்டவாளத்தின் அகலம் 16.5 மில்லிமீட்டர். கணக்குப்படி பார்த்தால் அது 4 அடி 8½ அங்குலத்துக்குப் பதிலாக 4 அடி 1½ அங்குலப் பாதையாகிவிடுகிறது. பெண்டனார் இதைப் பொறுக்காமல் 18 மில்லிமீட்டர் அகலத்தில் தாங்களே பாதை போட்டுக்கொண்டார்கள்.

சற்றுநேரத்தில் ஒரு சரக்கு வண்டி வந்தது. பையன் இஞ்சினைப் பார்த்தான். நாங்கள் வாலைப் பார்த்தோம். அங்கே ஒரு குட்டித் தேரை! எங்கள் விரல் நீளந்தான் இருக்கும். அசலின் உடல் 24 அடி. மாதிரியில் அது 96 மில்லிமீட்டர். திண்ணை, தூண், புகைப்போக்கி எல்லாம் இருந்தன. நாங்கள் ஒரு மணி நேரத்துக்கு முன் உடலைச் சாய்த்துத் திருகிய கைச்சக்கரமும் இருந்தது. குண்டூசித் தலையைவிடச் சற்றே பெரிதாக.

அந்தச் சக்கரம் திரும்பாது. திரும்பினாலும் பயனில்லை. மாதிரி வண்டியில் இஞ்சினை நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். பிடித்து வைக்க வேண்டிய பாரம் எதுவும் இல்லை. பையன் சொன்னது உண்மையே: விளையாட்டுப் பலகையில் அது ஒன்றும் செய்வதில்லை. ஆயினும், மணிக்கணக்காகக் கண்களைக் கெடுத்துக்கொண்டு இவற்றைச் செய்யும் அன்பர்கள், வாலில் கார்டு வண்டி இல்லாத பழங்காலச் சரக்கு வண்டியை ஓட்டச் சம்மதிக்கமாட்டார்கள். "அது இல்லாவிட்டால் இது வண்டி அன்று, வெறும் வேகன்களின் வரிசை" என்பது அவர்கள் கருத்து. இது வெறும் பிடிவாதம் என்றுதான் முதலில் நினைத்தோம். பிறகு அப்பா சொன்னது நினைவுக்கு வந்தது.

ஒரு வண்டி நிலையத்தைக் கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் இஞ்சினைப் பார்ப்பதோடு நின்றுவிடக்கூடாது, வாலைப் பார்க்கவேண்டும். பகலில் கடைசி வண்டியில் எல்.வி. என்ற எழுத்துகள் கொண்ட பலகையும், இரவில் சிவப்பு விளக்கும் இருக்கவேண்டும். கடைசி வண்டி என்பதற்கான ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. பயணி வண்டிகளின் கடைசிப் பெட்டியில் பெரிய பெருக்கல் குறி ஒன்று இருப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதன் பொருளும் இதுவே. அந்த அடையாளத்தைக் கண்டால்தான் வண்டி முழுமையாக வந்து சேர்ந்தது என்று பொருள். காணாவிட்டால், வண்டியின் ஒரு பகுதி பின்னால் பாதையில் எங்கோ நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த வண்டியை விடக்கூடாது. இஞ்சின் எவ்வளவு ஆரவாரத்தோடு வந்தாலும் கணக்கு கடைசிப் பெட்டியில்தான் முடிகிறது.

இனி அந்தப் பழைய கதையைச் சொல்லலாம். 1963-ஆம் ஆண்டுத் தீபாவளி. அப்பா முதல்நாள் மாலை வண்டியோடு வந்துவிடுவார், பட்டாசு வாங்கித் தருவார் என்று காத்திருந்தோம். வரவில்லை. குடியிருப்பு முழுவதும் வெடிச்சத்தம். எங்கள் வாசல் மாத்திரம் இருட்டு. மறுநாள் நண்பகலில் அப்பா வந்தார். உடையெல்லாம் கரி. அம்மா வெந்நீர் வைத்துக்கொண்டே, "குழந்தைகள் ராத்திரி முழுக்கத் தூங்கலே" என்றாள். ஆறு வயதான இளையவர் ஆத்திரத்தோடு, "அப்பா வண்டியிலே என்னதான் செய்யறார்? கடைசியிலே சும்மா உட்கார்ந்துண்டு கொடி காட்டறார்!" என்று உரக்கச் சொன்னார். அப்பாவின் காதில் அது விழுந்தது. அவர் பதில் சொல்லவில்லை. "வண்டி ரெண்டாப் பிரிஞ்சு போச்சு" என்று அம்மாவிடம் மாத்திரம் சொன்னார்.

அதன் பொருள் எங்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அவர் ஓய்வு பெற்றபின் ஒருநாள் கேட்டபோது, ஏழெட்டு வாக்கியங்களில் சொன்னார். காட்டு நடுவே ஏற்றத்தில் இணைப்பு அறுந்தது. நம் நாட்டுச் சரக்கு வண்டிகளில் அப்போது வாக்குவம் பிரேக் இருந்தது. குழாய் அறுந்தால் காற்றுப் புகுந்து எல்லாச் சக்கரங்களையும் தானே பிடித்துவிடும். அவருடைய வண்டியிலிருந்த கடிகாரம் போன்ற கருவியின் முள் பூஜ்யத்துக்கு விழுந்தது. ஆனால் அந்தப் பிடி என்றென்றைக்கும் நிற்பதன்று. நேரம் ஆக ஆகத் தளர்ந்துவிடும். ஆகவே அவர் கைப்பிரேக்கைத் திருகினார். முன்பாதியோடு அடுத்த நிலையத்துக்குப் போகும்படி டிரைவருக்கு எழுத்து மூலம் அனுமதி கொடுத்து அனுப்பினார். பின்பாதி வேகன்களோடு தனியாக நின்றார்.

அதன்பின் அவர் செய்யவேண்டிய முதற்கடமை, பின்னாலிருந்து எதுவும் வந்து மோதாதபடி காப்பது. இன்றைய விதிப்படி அகலப் பாதையில், நின்ற வண்டியிலிருந்து 600 மீட்டர் நடந்து தண்டவாளத்தின்மேல் ஒரு டெட்டனேட்டரும், 1,200 மீட்டரில், பத்துப் பத்து மீட்டர் இடைவிட்டு மூன்றும் வைக்கவேண்டும். தட்டையான சிறு தகரவில்லை அது. சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும். நம் இரயில்வேக்காரர்கள் அதைப் பட்டாசு என்றே சொல்வார்கள். அப்பா கையில் விளக்கோடு அந்த இருட்டில் நடந்து, பட்டாசுகளை வைத்துவிட்டுத் திரும்பினார். விடியும்வரை திண்ணையில் நின்றார். விடிந்து வெகுநேரம் கழித்து இஞ்சின் மீண்டு வந்தது.

"அந்தத் தீபாவளிக்கு நானும் பட்டாசு வெச்சேன். ஒண்ணுகூட வெடிக்கலே. வெடிக்காததுதான் நல்லது" என்று சொல்லிச் சிரித்தார். இளையவர் தாம் அன்று சொன்ன சொல்லை அவரிடம் அப்போது நினைவூட்டி மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நினைவிருக்குமோ இராதோ என்று தயங்கிவிட்டார். அப்பா இன்று இல்லை.

காலம் மாறிவிட்டது. பிரிட்டனில் 1968-இல், தானியங்கும் பிரேக் முழுவதும் பொருத்திய சரக்கு வண்டிகளில் கார்டு இஞ்சினிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று விதி தளர்ந்தது. இன்று அங்கே சரக்கு வண்டியின் வாலில் ஒரு சிறு விளக்கு மாத்திரமே தொங்குகிறது. நம் நாட்டிலும் வாக்குவம் போய்க் காற்றழுத்தப் பிரேக் வந்துவிட்டது. ஒரு பகுதிக்குள் புகுந்த சக்கரங்களும் வெளியேறிய சக்கரங்களும் சமமா என்று எண்ணிச் சொல்லும் கருவிகள் பாதையோரத்தில் இருக்கின்றன. கடைசி வேகனில் மாட்டினால், வண்டி முழுமையாக இருக்கிறதென்று இஞ்சினுக்கு வானொலி அலை மூலம் அறிவிக்கும் கருவியையும் சோதித்து வந்திருக்கிறார்கள். 2022 ஜனவரியில் கார்டு என்ற பதவிப் பெயரை மாற்றி, வண்டி மேலாளர் என்று பொருள்படும் பெயரை இரயில்வே நிர்வாகம் வைத்தது. இவற்றைக் குறை கூறுவதற்கில்லை. இருட்டில் ஒருவர் தனியாக நிற்கத் தேவையில்லாமல் ஒரு கருவி அந்த வேலையைச் செய்யுமானால் அது நல்லதே. அப்பாவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். நின்றவர்களை மறந்துவிடாமலிருந்தால் போதும்.

வீடு திரும்பியதும் பையன் அட்டையும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். இரண்டு நாளில் 96 மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு தேரை தயாராயிற்று. பழைய சக்கரங்கள் நான்கைப் பொருத்தினான். "இது எவ்வளவு கனம் இருக்கணும் சின்னத் தாத்தா?" என்று கேட்டான். 20 டன்னை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 76-இல் ஒரு பங்காகக் குறைத்துக் கணக்குப் போட்டோம். 46 கிராம் வந்தது. சமையலறைத் தராசில் வைத்து, 46 கிராம் ஆகும்வரை அதற்குள் துவரம் பருப்பைப் போட்டு ஒட்டினோம்.

பிறகு, "இதுக்குச் சொந்த ஊர் எது? பக்கத்திலே எழுதணுமே" என்றான். மூத்தவர் தஞ்சை ஜில்லாவிலுள்ள எங்கள் பூர்வீகக் கிராமத்தின் பெயரைச் சொன்னார். இளையவர் சற்று யோசித்து, "எந்த ஊருக்குத் திரும்பி வரணுமோ அந்த ஊரைத்தானே எழுதுவார்கள்?" என்றார். அப்பாவின் கறுப்பு நிறப் பெட்டியிலும் அவர் பெயருக்குக் கீழே அந்த இரயில்வே நகரின் பெயர்தான் வெள்ளை வண்ணத்தில் எழுதியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் அங்கேதான், எங்களிடந்தான் திரும்பி வந்தார். ஆகவே அந்தப் பெயரையே எழுதச் செய்தோம். பையன் மிகச் சிறிய எழுத்தில், நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். அதன்பின் அவனுடைய வண்டி தேரையில்லாமல் புறப்பட்டதை நாங்கள் பார்க்கவில்லை.

அப்பாவின் பெட்டி இப்போது இளையவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. பழைய செய்தித்தாள்கள் போட்டு வைக்க உதவிற்று. ஊர் திரும்பிய வாரமே அதை இறக்கித் துடைத்தோம். அடியில் கொடிகள் சுற்றும் கோல் ஒன்றும், துருப்பிடித்த ஊதல் ஒன்றும் கிடைத்தன. இரண்டையும் வாசல் அறையில் வைத்திருக்கிறோம்.

நம் சங்கத்துக் குடும்பங்களில், இரயில்வே வேலையை நம்பி இந்த ஊர்களுக்கு வந்தவர்களின் வழியினர் பலர். கார்டுகள், டிரைவர்கள், ஸ்டேஷன் மாஸ்டர்கள், தந்தி குமாஸ்தாக்கள், பட்டறைத் தொழிலாளிகள் என்று அவர்கள் செய்த வேலைகளில் பல இன்று இல்லை. வீட்டில் அப்படிப்பட்ட பெரியவர் இருந்தால், அவர் செய்த வேலை என்ன, அதை எப்படிச் செய்தார் என்பதை அன்பர்கள் இன்றே உட்கார்ந்து கேட்டு, இப்பத்திரிகைக்கு எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். நாங்கள் கேட்டபோது எங்களுக்குக் கிடைத்தவை ஏழெட்டு வாக்கியங்களே. இன்னும் கேட்டிருக்கலாம் என்ற குறை எங்களுக்கு இருக்கிறது. அக்குறை உங்களுக்கு வேண்டாம்.